குப்பியின் கழுத்தில் சிவப்பு நூல்

எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. மருந்துக்கடையில் வேலை பார்த்த பதினேழு ஆண்டுகளில் நான் எழுதியதெல்லாம் குப்பிகளில் ஒட்டும் சீட்டுகள்தான். ‘காலை, மதியம், மாலை.’ ‘வெளிப்பூச்சுக்கு மட்டும்.’ ‘குலுக்கிக் குடிக்கவும்.’ ஐந்து வார்த்தைக்கு மேல் போனால் யாரும் வாசிக்க மாட்டார்கள் என்று எங்கள் கம்பவுண்டர் ஞானாபரணம் சார் சொல்வார். அந்தக் கணக்கில் இந்தக் கட்டுரை மிக நீளம்.

அளவுக் கண்ணாடியில் உள்ள கோடுகள் கண்ணுக்குத் தெரியாமல் போனதால் போன வருஷம் வேலையை விட்டேன். சென்ற மாதம் யூக்கலிப்டஸ் தைலம் வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். இப்போது அங்கே இருக்கும் கம்பவுண்டர்கள் இருவரில் ஒருவர், “அக்கா, ஒரு காரியம் கேக்கணும். சென்னையிலேருந்து அடைச்சு வார மருந்துக்கும் எதுக்கு கழுத்துல சிவப்பு நூல் கட்டணும்? ஞானாபரணம் சாருக்க சட்டம்னு முதலாளி சொல்லுகாரு. ஏன்னு கேட்டா அவருக்கும் தெரியல்ல” என்றார். கடையில் ஆட்கள் நின்றார்கள். பிறகு சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வாயால் சொல்ல முடியாததை எழுதிக் கொடுக்கலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் கடை நாகர்கோவிலில் போன நூற்றாண்டில் ஒரு வெள்ளைக்காரர் தொடங்கியது. அவர் சீமைக்குத் திரும்பி வெகுகாலம் ஆகியும் ஊரில் அதற்குத் துரை மருந்துக்கடை என்றுதான் பெயர். அவருடைய கைப்பக்குவ மருந்துகள் நான் சேர்ந்தபோதும் விற்பனையில் இருந்தன. துரை காய்ச்சல் தண்ணீர் என்றால் கொயினா கலந்த கசப்பு மருந்து. துரை பூச்சிப்பொடி, வயிற்றுப் பொருமலுக்கு ஓமமும் சுக்கும் சேர்ந்த ஒரு திராவகம், கிராம்பு எண்ணெய் சேர்த்த பல்வலிச் சொட்டு, முட்டிவலிக்கு மூக்கைத் துளைக்கும் ஒரு தைலம் ஆகியவையும் உண்டு. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்கள் எழுதும் சீட்டுக்கும் மருந்து கலந்து கொடுப்போம்.

நான் மிஷன் பெண்பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு வரை படித்தவள். இருபத்துநாலு வயதில் கடைக்கு வந்தேன். பெண்கள் தங்கள் நோயை ஆண்களிடம் சொல்லத் தயங்கி, வெறும் தலைவலி என்று சொல்லித் தைலம் வாங்கிப் போவதைச் சார் கவனித்து, பக்கத்துச் சந்துப் பக்கச் சுவரில் ஒரு ஜன்னல் வெட்டச் செய்திருந்தார். அந்த ஜன்னலுக்கு ஒரு பெண் தேவைப்பட்டது. போதகர் என்னை அழைத்துக்கொண்டு போய், பிள்ளை நல்லவள், ஆனால் வாய் திறக்கமாட்டாள் என்று குறையாகச் சொன்னார். சார் சிரித்தார். “வாய் திறக்கிற ஆளு ஊருல நெறைய உண்டு. இங்க கேட்டது இங்கயே கிடக்கணும், அதுதான் எனக்கு வேணும்” என்றார். என் கூச்சத்தை ஒருவர் நல்ல குணமாக எடுத்துக்கொண்டது அதுவே முதல் தடவை.

முதல் இரண்டு வருஷம் குப்பி கழுவினேன், சீட்டு எழுதினேன், பொடி மடித்தேன். அந்நாளில் மருந்து வாங்க வருகிறவர்களே குப்பி கொண்டுவர வேண்டும். மண்ணெண்ணெய்க் குப்பி வரும், கள்ளுக்குப்பி வரும், ஊறுகாய்க் குப்பியும் வரும். சாம்பலும் மணலும் போட்டுக் கழுவி, வெந்நீர் ஊற்றி, கவிழ்த்து உலரவைத்து, சாரின் மூக்குக்கு நேரே நீட்டவேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு மணந்து பார்ப்பார். “அடியில இன்னும் மீன் இரிக்கு” என்று ஒருநாள் ஒரு குப்பியை மூன்று முறை திருப்பி அனுப்பினார்.

அவர் மருந்து ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஒரு குப்பியை எடுக்குமுன் அதன் பெயரை வாசிப்பார். ஊற்றுமுன் இன்னொரு முறை வாசிப்பார். திரும்ப வைக்கும்போது மூன்றாவது முறை. நாற்பது வருஷமாகக் கையாளும் குப்பியானாலும் அப்படித்தான். பெயர்ச்சீட்டு உள்ளங்கைப் பக்கம் இருக்கும்படி பிடிப்பார், வழியும் துளி எழுத்தை அழித்துவிடக்கூடாது. மூடியை மேசையில் வைக்கவே மாட்டார், சுண்டுவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் இடுக்கிக்கொள்வார். அளவுக் கண்ணாடியைக் கண்ணுக்கு நேரே உயர்த்தி, மூச்சை நிறுத்திக் கோடு பார்ப்பார். விஷமருந்துகள் மட்டும் தனி அலமாரியில், நீலநிறக் குப்பிகளில் இருக்கும். அந்தக் குப்பிகளின் மேல் வரிவரியாகத் தடிப்பு இருக்கும், கண் தவறினாலும் விரலுக்குத் தெரியட்டும் என்று. அந்த அலமாரிச் சாவி சாரின் இடுப்பை விட்டு இறங்காது.

படிக்கத் தெரியாதவர்களுக்கு வேளை சொல்வதும் அவரிடம் ஒரு கலையாக இருந்தது. ஒரு காகிதப்பட்டையை மடித்து ஓரத்தை வெட்டினால், விரித்ததும் பல்பல்லாக வரும். அதைக் குப்பியின் பக்கவாட்டில் ஒட்டுவோம். ஒரு வேளைக்கு ஒரு பல் இறங்கவேண்டும். நேரம் ஆளுக்கு ஆள் மாறும். வயற்காட்டுக்காரர்களுக்கு மாடு அவிழ்க்கும் நேரம். பார்வதிபுரம் சாலையோரத்துக்காரர்களுக்கு அஞ்சல்காரனின் மணிச்சத்தம். கடற்கரைக்காரர்களுக்கு மாதாகோவில் மணி, மூன்று வேளையும் அடிப்பதால் அவர்களுக்குத்தான் தவறாது என்பார்.

பேச்சிப்பாறைப் பக்கம் காய்ச்சல் கண்ட ஒரு வருஷம், மலைத்தோட்டக் கூலிகளுக்காகக் காய்ச்சல் தண்ணீர் பெரிய ஜாடிகளில் போனது. தோட்டத்துக் கங்காணி ஒருவர் வந்து, கசப்பாக இருப்பதால் ஆட்கள் துப்புகிறார்கள், கொயினாவைப் பாதியாகக் குறைத்துச் சர்க்கரையும் சிவப்புச் சாயமும் சேர்த்துத் தந்தால் போதும் என்றார். சார் தனக்கு ஒரு அவுன்ஸ் ஊற்றி அவர் முன்னாலேயே குடித்தார். முகம் சுளிக்கவில்லை. பிறகு அவருக்கும் ஒரு அவுன்ஸ் ஊற்றிக் கொடுத்தார். “நீரு போயி அவுங்க முன்னால இதக் குடியும். பெறவு துப்புகானான்னு பாப்போம்” என்றார். அடுத்த வாரம் அதே கசப்பில் இன்னும் நாலு ஜாடி கேட்டு ஆள் வந்தது.

இனி நூல் கதைக்கு வருகிறேன். நான் சேர்ந்து எட்டாவது வருஷம் நடந்தது.

மணக்குடியிலிருந்து சூசை என்ற மீன்காரர் ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தார். அவர் மனைவி செசிலிக்குப் பிள்ளை பிறந்து இறந்துபோனதிலிருந்து உறக்கம் இல்லை, கைகால் மரத்துப்போகிறது, உணவு செல்லவில்லை. திருவனந்தபுரத்து டாக்டர் ஒருவரிடம் காட்டி மருந்துச்சீட்டு வாங்கியிருந்தார். அதைப் பார்த்ததும் சாரின் நெற்றி சுருங்கியது. நரம்புக்கு எட்டிக்கொட்டைச் சத்தும், உறக்கத்துக்குப் புரோமைடு உப்பும் ஒரே குப்பியில் எழுதியிருந்தது. டாக்டருக்குக் கடிதம் எழுதிக் கேட்கிறேன் என்று முணுமுணுத்தார். ஆனால் நோயாளி நாலு நாள் காத்திருக்க முடியாது. நீர் கூடுதலாக விட்டு, பன்னிரண்டு வேளைக்கு அவரே கலந்து, பல்பட்டை ஒட்டி, ‘குலுக்கிக் குடிக்கவும்’ என்ற சீட்டையும் ஒட்டினார். அப்போது அஞ்சல் ஆபீசில் ஒரு மருந்துப் பார்சலுக்குக் கையெழுத்துப் போட ஆள் வந்து கூப்பிட்டான். குப்பியை என்னிடம் தந்து, “இதுல மண்டி இறங்கும். உனக்க முன்னால மூணு தடவ குலுக்கச் சொல்லு. வேளையும் திருப்பிச் சொல்லவைக்கணும், கேட்டியா?” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அது எங்கள் கடைச் சட்டம். எந்த மருந்தானாலும் வாங்குகிறவர் வேளையைத் திருப்பிச் சொல்லவேண்டும், குலுக்க வேண்டியதை நம் முன்னால் குலுக்கிக் காட்டவேண்டும். பெண்கள் ஜன்னலில் நான் அதைத் தவறாமல் செய்துவந்தேன். ஆனால் சூசை ஆண், அதுவும் வாட்டசாட்டமான ஆள். முன்வாசலில் அவரோடு வந்த நாலு மீன்காரர்கள் வண்டியில் காத்திருந்தார்கள். ஒரு வளர்ந்த மனிதரைப் பார்த்து, அத்தனை பேருக்கு முன்னால், குப்பியைக் குலுக்கிக் காட்டுங்கள் என்று எப்படிச் சொல்வது? கோவில் மணிக்கு ஒரு பல் என்று மட்டும் தலையைக் குனிந்தபடி சொன்னேன். அவர் சரியென்று வாங்கிக்கொண்டு போய்விட்டார். சீட்டில் எழுதியிருக்கிறதே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். சார் திரும்பி வந்து, சொன்னாயா என்று கேட்டார். சொன்னேன் என்றேன். அதுவும் பாதிப் பொய்.

வெள்ளிக்கிழமை காலை சுமார் பத்து மணி இருக்கும். வடசேரிச் சந்தையில் மீன் விற்றுவிட்டு ஒரு பெண் வெறும் மீன்கடவத்துடன் என் ஜன்னலுக்கு வந்தாள். சூசையின் தங்கை பிலோமி. பல்வலிச் சொட்டு வேண்டும் என்றாள். அவள் மைனி செசிலி எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

“நல்லா உறங்குகா. எண்ணன் நாலு நாளா எப்பிடிப் பாக்குகான் தெரியுமா? குப்பிய அனக்கவே மாட்டான். கசாயம் மாதிரி தெளியவச்சு, தெளிவ மட்டும் பைய ஊத்திக் கொடுப்பான். அடியில வெள்ளையா, உப்புப் பரலு மாதிரி மண்டி கட்டியிருக்கு. சத்தெல்லாம் அதுலதான் இரிக்கும்னு சேத்து வச்சிருக்கான். இன்னைக்கு உச்சமணிக்கு மொத்தமா வெள்ளத்துல கலக்கிக் குடுப்பேன்னான்.”

எங்கள் ஊரில் கஷாயத்தைக் குலுக்கிக் குடிப்பவர் யாரும் இல்லை. தெளியவைத்து இறுப்பதுதான் பக்குவம். சூசை தன் மனைவிக்கு அருமையாகப் பக்குவம் பார்த்திருக்கிறார். அந்த மண்டியில் என்ன இருக்கிறது என்பது எனக்குச் சரியாகத் தெரியாது. ஆனால் திங்கட்கிழமை சார் நீலக்குப்பியை எடுத்ததைப் பார்த்திருந்தேன்.

உள்ளே போய்ச் சொன்னேன். சார் தராசில் பொடி நிறுத்துக்கொண்டிருந்தார். நிறுவையை நடுவில் விட்டுவிட்டு அவர் கையை எடுத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். “அவன் குலுக்கல்லியா?” என்றார். நான் சொல்லவில்லை என்றேன். அவர் என்னை ஏசவில்லை. அந்த இரண்டு மருந்தும் சேர்ந்தால் எட்டிச் சத்து உப்பாகப் பிரிந்து அடியில் இறங்கிவிடும் என்று சொன்னார். பன்னிரண்டு வேளைக்குரிய விஷத்தில் பெரும்பகுதி அந்த ஒரு வேளையில் இருந்தது.

குதிரைவண்டி ஒன்றைக் கூப்பிட்டார். தானும் புறப்படப்போகிறார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்த்து, “நீ போ. நான் போனா முற்றத்துல நிப்பாட்டி என்ன ஏதுன்னு கேப்பாங்க, பேச்சு வளரும். பெண்பிள்ளைன்னா அடுக்களை வரைக்கும் நேரே போகலாம்” என்றார். வண்டி வருவதற்குள் எட்டிச் சத்து இல்லாமல் வேறொரு குப்பி மருந்து கலந்துவிட்டார். அந்த அவசரத்திலும் ஒவ்வொரு குப்பியையும் மூன்று முறை வாசித்தார். அதை என் கையில் கொடுத்து, “மொதல்ல தப்பு நம்முடையதுன்னு சொல்லணும். அவன் வாசிக்கல்ல, அவன் கேக்கல்லன்னு ஒரு வார்த்த வரப்பிடாது” என்றார்.

பிலோமியும் நானும் போனோம். வழியில் அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் கடவத்தை மடியில் கட்டிப் பிடித்தபடி, வண்டிக்காரனை ஏசிக்கொண்டே வந்தாள். வண்டி காயல் கரை வரைதான் போகும். வீடு அக்கரையில். வள்ளம் அந்தப் பக்கம் நின்றது. பிலோமி கரையில் நின்று கூவியதில் வள்ளக்காரர் பாதி வெற்றிலையைத் துப்பிவிட்டுத் துடுப்பால் துழாவி வந்தார். நாங்கள் நடுக்காயலில் இருக்கும்போது கோவில் மணி அடிக்கத் தொடங்கியது.

மூன்று வேளையும் தவறாது என்று சார் மெச்சிய அதே மணி.

வள்ளம் தரை தட்டுமுன் இறங்கிவிட்டேன். முழங்கால்வரை தண்ணீர். மணலில் ஓடத் தெரியாதவளுக்கு அது பெரிய தூரம். பிலோமி எனக்கு முன்னே ஓடி, ஒரு ஓலைவீட்டைக் காட்டினாள். அவளுக்கு மூச்சு வாங்கி வாய் எழவில்லை. நான் உள்ளே நுழைந்தேன்.

சுவரில் மாதா படம். அதன் கீழே ஒரு பெட்டி. பெட்டியின் மேல், வெள்ளையாகக் கலங்கிய தண்ணீருடன் ஒரு கண்ணாடித் தம்ளர். அதற்கு முன்னால் சூசையும் செசிலியும் முழங்காலில் நின்று மதியச் செபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். செசிலி கண்ணை மூடியிருந்தாள். நான் புரோட்டஸ்டண்ட் சபைக்காரி. இன்னொருவர் செபம் சொல்லும்போது குறுக்கே போகக்கூடாது என்று வளர்ந்தவள். ஆனாலும் நேரே போய் மாதா முன்னாலிருந்த தம்ளரை எடுத்து, முற்றத்தில் கொட்டினேன். கோழி கொத்தாமல் இருக்கக் காலால் மணலைத் தள்ளி மூடினேன்.

சூசை எழுந்து வந்தார். “ஏட்டி, நீ துரை மருந்துக்கடைப் பெண்ணுதானே? மாதா முன்ன வச்ச மருந்த எடுத்துக் கொட்டுகே! நீங்க மாதாவக் கும்பிடாத ஆளுக. அதுக்கு எம் பெண்ணாட்டிக்க மருந்தயா கொட்டணும்?”

அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். திங்கட்கிழமை நாலு பேர் பார்க்கிறார்கள் என்று வாய் திறக்காதவள், நாற்பது பேர் நடுவில் நின்றேன்.

“தப்பு எங்க கடைக்கதாக்கும்” என்றேன். “குலுக்கிக் குடுக்கணும்னு நான் உங்ககிட்ட சொல்லல்ல. சொல்ல வேண்டியது நானாக்கும். குலுக்காத்ததுனால விஷம் அத்தனையும் அடியில இறங்கிப்போச்சு.”

“என்ன விஷம்?”

“காஞ்சிரம்.”

எட்டி என்று சொன்னால் புரியாவிட்டாலும் காஞ்சிரம் தெரியாதவர் எங்கள் பக்கத்தில் கிடையாது. சூசை அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தக் கையால்தான் அதைக் கலக்கியிருந்தார். செசிலிதான் முதலில் பேசினாள். நாலு மாதமாக அவள் அவ்வளவு பேசியதில்லை என்று பிலோமி பிறகு சொன்னாள்.

“நான் பைய பைய செபம் சொல்லுகேன்னு எப்பவும் ஏசுவியளே. இன்னைக்கும் வெரசா சொல்லுட்டின்னு சொன்னீய. இனி ஏசுவியளா?”

சூசை அழுதுகொண்டே சிரித்தார். நானும் அப்போதுதான் அழுதேன்.

புதுக்குப்பியை அவரிடம் கொடுத்தேன். அந்த மருந்தில் மண்டி இறங்காது, குலுக்கவேண்டிய தேவையே இல்லை. ஆனாலும், “எனக்க முன்னால மூணு தடவ குலுக்குங்க” என்றேன். அவர் எழுந்து நின்று, இரண்டு கையாலும் பிடித்து, வலை உதறுகிற மாதிரி குலுக்கினார். கூட்டத்தில் ஒருவர், “லேய், மருந்து நொரஞ்சு போவும், பைய” என்றார். “போதுமா?” என்று சூசை என்னைக் கேட்டார். வேளையைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். சொன்னார்.

பழைய குப்பியை எடுத்துக்கொண்டு திரும்பினேன். சார் கடைவாசலில், வெயிலில் நின்றுகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தார். குப்பியை வாங்கிக்கொண்டு போய்த் தானே கழுவினார். பிறகு, துரை காலத்திலிருந்து வரும் தோல் அட்டைப் புத்தகம் ஒன்றை எடுத்தார். கடையில் நேர்ந்த தவறுகளை எழுதும் புத்தகம் அது. முதல் பக்கத்தில் துரை தன்னுடைய தவறு ஒன்றைத் தன் கையால் எழுதியிருந்ததாகச் சார் சொல்லியிருக்கிறார். இன்று என் பெயர் ஏறும், நாளை வேலை போகும் என்று நின்றேன். சார் எழுதி, மை உலர ஊதி, என் பக்கம் திருப்பினார். ‘குலுக்கச் சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை’ என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டிருந்தார்.

“சார், அது நானாக்கும்” என்றேன். அவரிடம் நான் மறுத்துப் பேசியது அன்று ஒருநாள்தான்.

“நீ சொல்லல்ல, செரிதான். ஏன்னு உனக்குத் தெரிஞ்சிருந்தா வெக்கப்பட்டுக்கிட்டாவது சொல்லியிருப்ப. அது எனக்கது” என்றார். பேனாவை என் கையில் தந்தார். “உனக்குள்ளத அதுக்குக் கீழ நீ எழுது.”

எழுதினேன். ‘கூச்சத்தால் சொல்லவில்லை. கேட்டபோது சொன்னேன் என்றேன்.’ அது பொய் என்று நான் அதுவரை அவரிடம் வாய்விட்டு ஒத்துக்கொண்டிருக்கவில்லை. அவர் அதை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, பாதியில் விட்டிருந்த பொடியைத் திரும்ப முதலிலிருந்து நிறுக்கத் தொடங்கினார்.

மறுநாள் வடசேரியிலிருந்து ஒரு கண்டு சிவப்பு நூல் வாங்கிவரச் சொன்னார். குலுக்கவேண்டிய குப்பி எதுவானாலும் கழுத்தில் அந்த நூல். படிக்கத் தெரியாதவர் அது என்ன என்று கேட்பார், கேட்டால் நாம் காரணத்தோடு சொல்லலாம், கூச்சக்காரி தானாகப் பேச்சைத் தொடங்கவேண்டியதில்லை. கூச்சக்காரி என்பதை மட்டும் அவர் வாயால் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். திருவனந்தபுரத்து டாக்டரும் பதில் எழுதி, அந்த இரண்டு மருந்தையும் தனித்தனிக் குப்பியில் கொடுக்கச் சொல்லிவிட்டார். செசிலி தேறினாள். பிறகு இரண்டு பிள்ளைகளுக்கு வயிற்றுப் பொருமல் மருந்து என் ஜன்னலில்தான் வாங்கினாள்.

கம்பவுண்டர் தம்பிகளுக்கு இவ்வளவுதான் பதில். சென்னையிலிருந்து வரும் குப்பியிலும் ‘குலுக்கவும்’ என்று அச்சடித்திருக்கிறது என்பீர்கள். எங்கள் குப்பியிலும் ஒட்டியிருந்தது.

சார் காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. நான் வேலையை விட்ட கடைசி நாளில் என் ஜன்னலுக்கு மணக்குடிப் பெண் ஒருத்தி வந்தாள். முன்பின் பார்த்த முகம் இல்லை. விளக்கெண்ணெய் வேண்டும் என்றாள். ஊற்றிக் கொடுத்தேன். கழுத்தில் நூல் இல்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை. அவளாகவே குப்பியை இரண்டு கையாலும் பிடித்து, மூன்று முறை பலமாகக் குலுக்கி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கி அடிப்பக்கம் பார்த்துவிட்டு, “செரியாக்கா?” என்று கேட்டாள்.

விளக்கெண்ணெயைக் குலுக்கவேண்டியதில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சரி என்று தலையசைத்தேன்.